ஒரு ஆள் சாப்பாடு

பதினோரு மாதம் நான் ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டிருந்தேன். தினமும் மதியம் ஒன்றரை மணிக்குக் கோரிப்பாளையத்தில் இருக்கும் என் கடையிலிருந்து எழுமலைக்குப் போன் போடுவேன். அம்மா எடுப்பாள்.

"மாத்திரை போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சுய்யா."

"சாப்பாடு?"

"அதும் போட்டாச்சு."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு நிம்மதியாக என் டிபன் பாக்ஸைத் திறப்பேன். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை என்னுடையது. ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூட என் கண்ணுக்குத் தப்பாது. பெண் வீட்டாரோடு சண்டை போட்டாவது திருத்திவிடுவேன். அம்மாவின் அந்த வார்த்தையைத்தான் பதினோரு மாதமும் தப்பாகவே வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், எங்களோடு மதுரைக்கு வந்துவிடச் சொன்னேன். "நானும் வந்துட்டா வீட்டுல யாரு பாத்துக்கிறது?" என்றாள். வீட்டைப் பூட்டிப்போட மனசில்லாமல் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சரி, பிடிவாதக்காரி, அவள் வழிக்கே போவோம் என்று ஏற்பாடுகளில் இறங்கினேன்.

ஏற்பாடு செய்வதென்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியில் போவேன். இட்லி மாவு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வதக்கி அரைத்த துவையல் எல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரிட்ஜுக்குள் ஏறும். அம்மாவுக்குப் படிக்க வராது என்பதால் காலைக்குப் பச்சை மூடி, ராத்திரிக்குச் சிவப்பு மூடி. மதியத்துக்கு மட்டும் சுடுசோறு வேண்டும் என்று, அடுத்த தெருவில் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் ஒரு அக்காவைப் பிடித்தேன். "ஒரு ஆள் சாப்பாடு. பன்னெண்டரைக்கு கேரியர் வீட்டுல இருக்கணும்" என்று அம்மாவின் முன்னால் வைத்துத்தான் சொன்னேன். அம்மாவும் தலையை ஆட்டினாள்.

என் மனைவி மட்டும் ஒருமுறை கேட்டாள். "உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டீங்களா?" எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கோபம் வந்ததற்குக் காரணம், எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும், முட்டையில் மிளகு தூக்கலாக இருக்கணும். அம்மாவுக்கு? அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படிக்குள் என்னவோ நடக்கும். வெளியே வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

ஆறேழு மாதத்தில் அம்மாவின் ரவிக்கை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. நான் நேராகச் சமையல் அக்கா வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "என்னத்தச் சமைச்சு அனுப்புறீங்க? அம்மா இப்படி உருகிப் போச்சு!"

அந்த அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணே, எம்புள்ளைகளுக்கு என்ன ஆக்குறேனோ அதத்தான் அனுப்புறேன். கேரியர் ஒரு பருக்கை இல்லாம கழுவித் திரும்பி வருதுண்ணே. நல்லா இல்லாட்டி அம்புட்டும் காலியாகுமா?"

வாதத்தில் தோற்றால் ஆளை மாற்றுவது என் வழக்கம். மாற்றினேன். புது ஆள் கேரியரும் பளிச்சென்று கழுவித்தான் திரும்பியது.

பிறகு ஒரு நாள் குழாயடியில் அம்மா மயங்கி விழுந்தாள். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. டாக்டர் சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதப் போட்டு அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும். வெறும் வயித்துல விட்டா ஆளையே கொண்டுபோயிரும். ஒழுங்கா சாப்பிடுறாங்களா?"

"தினமும் நானே போன் போட்டுக் கேக்குறேன் சார்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, உசிலம்பட்டியில் பத்திரிகைக் கட்டு ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அம்மாவை எட்டிப் பார்ப்போம் என்று வண்டியை எழுமலைக்கு விட்டேன். தெருவில் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். அதனால் நான் வந்த சத்தம் அம்மாவுக்குக் கேட்கவில்லை.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, அப்பா எப்போதும் உட்காரும் இடத்தில் பலகை போட்டு, முன்னால் தட்டு வைத்திருந்தது. சோற்றில் குழி பறித்துக் குழம்பு ஊற்றியிருந்தாள். ஓரத்தில் பொரியல். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர். அம்மா ஃபேன் காற்று எட்டாத அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை ரசக் கரண்டியின் மேல் இருந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மணி ஒன்றரை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினேன். அவள் மடியில் போன் அடித்தது.

"மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று கிசுகிசுத்தேன்.

"போட்டாச்சுய்யா."

"சாப்பாடு?"

அம்மா தட்டை ஒருமுறை பார்த்தாள். "அதும் போட்டாச்சு."

ஒரு நாள்கூட அவள் பொய் சொல்லவில்லை. மாத்திரையைத் தனக்குப் போட்டாள். சோற்றை அவருக்குப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் சாப்பாடு போடுவது என்றால் அடுத்தவருக்குப் போடுவதுதான். கேட்கத் தெரியாத மடையன் நான்.

உள்ளே போனேன். அம்மா பதறவில்லை. "வாய்யா, வெயில்ல வந்திருக்க" என்றாள்.

"யாருக்கும்மா இது?"

"அவருக்குத்தான்."

"நீ எப்ப சாப்பிடுவ?"

"அவரு எந்திரிக்கட்டும்."

"அவரு எங்கம்மா எந்திரிக்கப் போறாரு?" கத்திவிட்டேன். என் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அம்மா யோசித்தாள். "அதான்யா எனக்கும் தெரியல. முன்னெல்லாம் பத்து நிமிசத்துல எந்திரிச்சுருவாரு. இப்ப மூணு மணி ஆனாலும் அப்படியே இருக்காரு. சோறு காஞ்சு போகுது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு எடுத்து வச்சுட்டு, சட்டியில எதுனா ஒட்டிக் கெடந்தா நான் வழிச்சுப் போட்டுக்கிருவேன். காலையிலயும் ராத்திரியும் டப்பாவுல இருக்கறதும் அப்படித்தான்."

"கேரியர்ல அம்புட்டுச் சோறு வருதுல்ல? நீ எடுத்துக்க வேண்டியதுதான?"

"நீதானய்யா ஒரு ஆள் சாப்பாடுன்னு சொன்ன" என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. "அவருக்குப் போட்டா சரியாப் போயிருது."

இந்த வீட்டில் ஒரு ஆள் என்று நான் சொன்னபோது, அந்த ஆள் தானாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றும்படி அப்பாவும் வைத்திருக்கவில்லை, நானும் வைத்திருக்கவில்லை. அவர் செத்த பிறகும் வீட்டில் எண்ணிக்கை மாறவில்லை. இருக்கிறவரும் அவர்தான், சாப்பிடுகிறவரும் அவர்தான். அவள் அவருக்குப் போடுவதற்காக இருந்தாள். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. அப்பாவின் மேல் ஆத்திரமும் வந்தது. செத்தும் எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாரே!

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். தொடமாட்டேன் என்றாள். மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டேன். கேரியர் வந்த உடனே போட்டதாகச் சொன்னாள். அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின. இனிப் பேசிப் பயனில்லை. நான் பலகையில் உட்கார்ந்தேன்.

ஃபேன் காற்று தலையில் அடித்தது. அப்பாவின் தட்டிலிருந்து நாலு வாய் அள்ளித் தின்றேன். அம்மா உடனே உயிர் வந்தவளாக ரசம் ஊற்றக் குனிந்தாள். "போதும்மா" என்று முக்கால் தட்டுச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். முற்றத்துக் குழாயில் கை கழுவினேன், அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக.

திரும்பி வந்தபோது அம்மா அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். பல நாள் பசி அது. சோற்றை மெல்லுகிற சத்தம், விக்கல், தண்ணீர் குடிக்கிற சத்தம். எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, என் அம்மா சாப்பிடுகிற சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

திரும்பாமலேயே கேட்டாள். "நாளைக்கும் வருவியாய்யா?"

"வாரேம்மா" என்றேன். அந்த நேரத்தில் யார்தான் வேறு பதில் சொல்வார்கள்? கிளம்பும்போது பழைய சமையல் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நாளையிலிருந்து இரண்டு ஆள் சாப்பாடு அனுப்பச் சொன்னேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் கடையில் நெருக்கடி. முகூர்த்த மாதம். எழுமலைக்குப் போவதாகச் சொன்னதே ஒன்றரை மணிக்குப் போனைக் கையில் எடுத்தபோதுதான் நினைவுக்கு வந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா பேசினாள்.

"உசிலம்பட்டி தாண்டிட்டியாய்யா? உனக்குப் போட்டு வச்சிருக்கேன்."

"அம்மா, எனக்கு நேரமாகும். ரெண்டு ஆள் சாப்பாடு வந்திருக்குல்ல? நீ மொதல்ல சாப்பிடு."

"அதெப்படிய்யா? நீ வந்து சாப்ட்டு எந்திரி. நான் இருக்கேன்."

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "அது அப்பவே போட்டாச்சு" என்றாள்.

கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எழுமலைக்கு எப்படிப் போனாலும் ஒன்றரை மணி நேரம்.