பந்திங்கில் தூங்கிக்கொண்டிருந்த விஜயன்

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேராவது விஜயனிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். "கண்ணாடி பாத்தியா? எந்தக் கண்ணாடி? அது மூஞ்சி பாக்குற கண்ணாடி லா, பின்னால பாரு!" என்று அவர் போடும் சத்தத்தில், சிக்னலில் பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரரும் ஒரு தடவை தன் கண்ணாடியைச் சரிபார்த்துக்கொள்வார்.

இவ்வளவு கண்டிப்பான மனிதர் தன் சொந்த ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். இது வெளியே தெரியாமல்தான் இருந்தது. கல்யாணத்தன்று அவருடைய அத்தை வாய்தவறி விஷ்ணுப்ரியாவிடம் சொல்லிவிட்டார். விஷ்ணுப்ரியா அவரிடமே கற்று, ஒரே தடவையில் தேறியவர். கல்யாணமான பிறகு பயிற்சிப் பள்ளியின் தொலைபேசி, அட்டவணை, அழுதுகொண்டு வரும் மாணவர்கள் எல்லாம் அவர் பொறுப்புக்கு வந்தன. விஜயன் பொறுப்பில் மிஞ்சியது, இடது பக்க இருக்கையும் காலடியில் ஒரு பிரேக்கும்.

அந்த இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பகல் முழுவதும் அதே சாலைகள், அதே வளைவுகள், எந்த நேரமும் யாரையாவது இடித்துவிடுவோமோ என்ற பதற்றம். ஒருநாள் கிள்ளானில் ஒரு மாணவியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு, கைவிடப்பட்ட ஒரு பழைய தியேட்டருக்குள் நுழைந்தார். உள்ளே ஒரு மனிதர்கூட இல்லை. பிரேக் போடும்படி எதுவும் எதிரே வரவில்லை. பெயர்ந்து கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவருக்கு, பிரேக்கின் மேலேயே இருந்து இறுகிப்போன வலது காலின் நரம்பு பல ஆண்டுகளில் முதல்முறையாகத் தளர்ந்தது.

அன்றிலிருந்து பாழடைந்த கட்டடம் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கினார். அவரைப் போலவே கிறுக்குப் பிடித்த இருவர் கிடைத்தார்கள். ஒருவர் பல் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் ஷாமினி. இன்னொருவர் வயரிங் வேலை பார்க்கும் கிஷன். மூவரும் சனிக்கிழமைகளில் அனுமதி கேட்டுப் போவார்கள், படம் எடுப்பார்கள், ஓர் ஆணியைக்கூட எடுக்காமல் வருவார்கள். ஷாமினி வைத்த சட்டம் கறாரானது. ஒருவர் எப்போதும் வெளியே நிற்க வேண்டும். எந்தக் கதவையும் தாண்டுமுன் அது மூடாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். கிணறு, நிலவறை, தொட்டி எதிலும் இறங்கவே கூடாது. கெட்ட காற்று கண்ணுக்குத் தெரியாது.

விஷ்ணுப்ரியா இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்தான்.

"தனியா மட்டும் போகக்கூடாது. போற எடத்த என்கிட்ட சொல்லிட்டுப் போகணும்."

"நா என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளன்னா கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயிருவேன். நீங்க சைஸ் பெருசு லா சார்."

கோபத்திலும் கிண்டலிலும் அவர் இன்னும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மேருவில் இருந்த அந்தப் பழைய ஐஸ் தொழிற்சாலையைப் பற்றிக் கேள்விப்படும்வரை. மூடிப் பல காலமான கட்டடம். உள்ளே பெரிய குளிர் அறை இருக்கிறது, சுவரில் கையால் எழுதிய பழைய எண் பலகைகள் அப்படியே இருக்கின்றன என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை பார்த்து ஷாமினிக்கு உறவினர் கல்யாணம், கிஷனுக்கு வேலை. இடிக்கப்போகிறார்கள் என்று வேறு ஒரு பேச்சு. விஜயனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பந்திங்ல வேலாயுதம் மகளுக்குக் காது குத்து. போய்ட்டு வந்துர்றேன்," என்றார் மனைவியிடம். பள்ளிக்கூட நண்பர் வேலாயுதத்தையும் போனில் அழைத்து, "ப்ரியா கேட்டா நா அங்க இருக்கேன்னு சொல்லிடு," என்று ஏற்பாடு செய்துகொண்டார். வேலாயுதத்துக்கு இருப்பது இரண்டு மகன்கள். அதை அன்று இருவருமே யோசிக்கவில்லை.

தொழிற்சாலைக்குப் போகும் சந்து குறுகலானது. பக்கத்தில் ஒரு மரச்சாமான் பட்டறை. காலை நேரம், ஆள் நடமாட்டம் இல்லை. மாணவர்களுக்கு வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுப்பவர், தன் காரைச் சந்தின் வாயிலேயே கோணலாக விட்டுவிட்டு, கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

குளிர் அறையின் கதவு ஒரு சாண் தடிமன். இரும்புக் கைப்பிடியைத் தூக்கி இழுத்தபோது முனகிக்கொண்டே திறந்தது. அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு செங்கல் வேண்டும் என்று விஜயனுக்குத் தோன்றியது. செங்கல் வாசலுக்குப் பக்கத்தில் கிடந்தது. 'ஒரு நிமிஷம்தானே' என்று உள்ளே அடி எடுத்து வைத்தார்.

அந்தக் காலத்துக் குளிர் அறைக் கதவுகளைக் குளிர் வெளியே போகாமல் தானே மூடிக்கொள்ளும்படி பொருத்தியிருப்பார்கள். தொழிற்சாலை செத்து இத்தனை காலம் ஆகியும் கீல்கள் தங்கள் வேலையை மறக்கவில்லை. விஜயன் முதல் எண் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி பார்க்காத குற்றத்துக்கு ஆயிரம் பேரைத் திட்டியவர் அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

கதவின் உட்புறத்தில், தள்ளித் திறப்பதற்கான கம்பி இருந்த இடத்தில் துருப்பிடித்த ஓர் ஓட்டை மட்டுமே இருந்தது.

தோளால் இடித்தார். தோள்தான் வலித்தது. உதைத்தார், கத்தினார், கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை நடந்தார். தடித்த சுவர்களுக்குள் ஒரு கோடுகூடச் சிக்னல் வரவில்லை. மூச்சு வாங்கியபோதுதான் ஷாமினி சொன்னது நினைவுக்கு வந்தது: மாட்டிக்கொண்டால் ஓடாதே, உட்கார். உட்கார்ந்தார். விளக்கை அணைத்து பேட்டரியை மிச்சம் பிடித்தார். அப்படி ஓர் இருட்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. காற்று தீர்ந்துவிடுமோ என்ற பயம் வந்தது. யாருக்கும் தான் இங்கே இருப்பது தெரியாது என்ற எண்ணம் அதைவிட மெதுவாக வந்து, அதைவிடக் கனமாக உட்கார்ந்தது. தெரியாமல் பார்த்துக்கொண்டது யார்? அவரேதான், அவ்வளவு சிரத்தையாக.

தரையைத் தடவிப் பார்த்தபோது சுவரோரம், உருகிய தண்ணீர் வெளியேறுவதற்கான குழாய் துவாரம் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அதிலிருந்து லேசாகக் காற்று வந்தது. நாற்றமடித்தது, ஆனாலும் காற்று. வயிறு இடம் கொடுத்த அளவுக்குக் குப்புறப் படுத்து, துவாரத்தில் வாயை வைத்து, "டோலோங்! டோலோங்!" என்று மலாயில் உதவி கேட்டுக் கூப்பிட்டார். நிறுத்தி நிறுத்தி, தொண்டை வறளாதபடி கூப்பிட்டார்.

வீட்டில் நடந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. வேண்டிய அளவுக்கு மேலேயே சொல்லிக் காட்டினார்கள்.

மதியம் வரை கணவரின் கைப்பேசி கிடைக்காமல் விஷ்ணுப்ரியா வேலாயுதத்தை அழைத்தார். விசுவாசமான நண்பர் அசரவே இல்லை.

"இங்கதான் இருக்காரு. சாப்பிட்டு நல்லா தூங்குறாரு."

"காது குத்துற சத்தத்துலயா?"

"பிள்ள அழவே இல்ல லா, அவ்ளோ தைரியம்," என்றார் வேலாயுதம்.

விஷ்ணுப்ரியா சந்தேகத்தோடு போனை வைத்த கொஞ்ச நேரத்தில் பயிற்சிப் பள்ளியின் தொலைபேசி அடித்தது. மேரு மரச்சாமான் பட்டறையில் வேலை பார்க்கும் முகமது ரஃபீக், ராமநாதபுரத்துக்காரர். சந்தின் வழியை அடைத்துக்கொண்டு நின்ற காரின் கதவில் பெரிதாக எழுதியிருந்த எண்ணைப் பார்த்து அழைத்திருந்தார்.

"அக்கா, டிரைவிங் ஸ்கூலா? உங்க வண்டிய குறுக்கால போட்டுட்டுப் போயிட்டாங்கக்கா. லோரி உள்ள வர முடியாம நிக்குது."

"எங்க?"

"மேருலக்கா."

"மேருவா? அந்தக் காரு பந்திங்ல தூங்குது," என்றார் விஷ்ணுப்ரியா. சொன்ன வேகத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. "தம்பி, பக்கத்துல பழைய கட்டடம் ஏதாவது இருக்கா?"

"பழைய ஐஸ் பேக்டரி இருக்கு. ஆனா யாரும் போக மாட்டாங்க. நாங்ககூட…" ரஃபீக் பேச்சை நிறுத்தினார். பிறகு குரல் தாழ்ந்தது. "அக்கா… தரைக்குள்ளேருந்து யாரோ கூப்பிடுறாங்க."

"என்ன பாஷைல?"

"மலாய்ல கூப்பிட்டாங்க. இப்ப… 'அய்யோ அம்மா'ங்கிறாங்க."

"பயப்படாதீங்க, அது என் வீட்டுக்காரர்தான். உள்ள மட்டும் போயிடாதீங்க தம்பி, நீங்களும் மாட்டிக்குவீங்க. வெளியவே நின்னு பேசிக்கிட்டே இருங்க. நா பொம்பாவுக்கு அடிக்கிறேன்." தீயணைப்புப் படைக்கு அடிக்க மற்ற போனைக் கையில் எடுத்துக்கொண்டே இதையும் சொன்னார்: "அப்புறம், அவருகிட்ட ஒன்னு கேளுங்க. இது பந்திங்கான்னு."

ரஃபீக் பயத்தோடு, சத்தம் வந்த குழாயின் வெளி வாயருகே குனிந்து, கேட்கச் சொன்னதை அப்படியே கேட்டார்.

"அண்ணே, அக்கா கேக்குறாங்க, இது பந்திங்கான்னு."

இருட்டுக்குள் படுத்திருந்த விஜயனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. எது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. ரஃபீக் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சொந்த ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று ஓர் ஓட்டை வழியாக இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பொம்பா வந்து, மூடியபோது துருவில் சிக்கி இறுகிப்போன கைப்பிடியைக் கடப்பாரையால் நெம்பிக் கதவைத் திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசி நின்ற விஜயனிடம், படையின் தலைவர் முதலில் கேட்டது உடம்பு எப்படி இருக்கிறது என்று. இரண்டாவது, அந்தக் காரைத் தயவுசெய்து எடுக்க முடியுமா என்று. அவர்களுடைய வண்டியும் சந்துக்கு வெளியேதான் நின்றது.

விஷ்ணுப்ரியா வந்து சேர்ந்தார். விஜயனின் சட்டையில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிவிட்டார், கொஞ்சம் பலமாகவே. காரில் ஏறிய பிறகு, "காது வலிக்குதா சார்? குத்தினாங்களே," என்றார். விஜயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே விஜயன் தொழிற்சாலையின் சீன உரிமையாளரைத் தேடிப் போய், அனுமதியில்லாமல் நுழைந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அதோடு, அந்தக் கதவைக் கழற்றிவிடலாமா என்றும் கேட்டார். நாளை பந்தைத் தேடிக்கொண்டு ஒரு குழந்தை உள்ளே போனால் என்ன ஆவது? அந்த முதலாளித் தவுக்கே யோசித்துவிட்டு, கழற்றித் தந்தால் தனக்கும் நல்லதுதான் என்றார். ஞாயிற்றுக்கிழமை கிஷனும் ரஃபீக்கும் விஜயனும் சேர்ந்து கீல்களை அறுத்துக் கதவை இறக்கினார்கள். ஷாமினி வெளியே காவலுக்கு நின்றார்.

விஷ்ணுப்ரியாவும் கூட வந்திருந்தார். திட்டுவதற்குத்தான் வந்தார். மற்றவர்கள் வியர்த்து நிற்கும்போது, கதவில்லாத குளிர் அறையை எட்டிப் பார்த்தார், பிறகு அதைத் தாண்டி இருந்த கூடத்தை. மேற்கூரையின் பிளவு வழியே வெயில் விழுந்து, பச்சை படர்ந்த பழைய தொட்டிகள் பளபளத்தன. அவர் கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடித்தார். இன்னொன்று. அப்புறம் ஆளைக் காணவில்லை.

"ப்ரியா! எங்க இருக்க?" விஜயன் வாசலிலிருந்து கத்தினார்.

"இங்கதான், மாடிப்படிகிட்ட. ஏறல, பாக்குறேன். எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா!"

"நானும் வரவா?"

"வேணாம் லா. யாராவது ஒருத்தர் வெளிய நிக்கணும்ல?"

விஜயன் வாசலிலேயே நின்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பதில் வந்தது, ஆனால் முன்பைவிடச் சற்றுத் தூரத்திலிருந்து. அவருடைய வலது கால் தன்னை அறியாமல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.