தாம்பாளத்து வேட்டி

கட்டுகஸ்தோட்டையில் மாடி வைத்த வீடு. சொந்தமாக ஒரு லொறி. ஒரு ஊரையே உட்கார வைக்கிற அளவுக்குக் கதிரை. ஆளை உள்ளே இறக்கித்தான் கழுவ வேண்டும் என்கிற மாதிரி அண்டாக்கள். மகளை டீச்சர் ஆக்கினேன். மகனைப் பல்லேகலயில் ஒரு ஃபாக்டரியில் டை கட்டி உட்கார வைத்தேன். கோயில் மடப்பள்ளியில் இன்றைக்கும் எரிகிற கோட்டை அடுப்பு நான் நின்று கட்டியது. சாந்து பூசியது மேசன், மூளை என்னுடையது. இத்தனையும் செய்தவன் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே அறைக் காம்பராவில் குடும்பமே முட்டி மோதிப் படுத்த தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதும் போதும் என்று பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று ஒரு வரி போடச் சொன்னாள் மகள். பொய் எதற்கு? பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எல்லாம் கரண்டியால் வந்தது. கண்டியில் கல்யாணமோ காதுகுத்தோ அன்னதானமோ, முதலில் மாஸ்டருக்கு நாள் ஒழிகிறதா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஐயரிடம் நாள் குறிக்கப் போவார்கள். அந்தக் கரண்டியை நான் எப்படி விட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. சாமிக்குப் படைக்கும் சமையலை முன்கூட்டி யாரும் ருசி பார்க்கக் கூடாது. படையல் முடியும்வரை அதைப் பற்றி நல்லது கெட்டது பேசவும் கூடாது. கல்யாண வீட்டிலும் முதல் இலை சாமிக்குத்தான் என்பதால் அங்கேயும் அதே சட்டம். உப்புக் கூடிற்றா குறைந்ததா என்பதை மாஸ்டர் மூக்கால்தான் அறிய வேண்டும். சில மாஸ்டர்மார் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று நக்குவதை நான் கண்டிருக்கிறேன். நமக்கு அந்தக் கேவலம் வந்ததில்லை. ஆவிக்கு முன்னால் குனிந்து ஒரு மூச்சு இழுப்பேன். பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் எழும்பி நிற்கிற மாதிரி உப்பு, புளி, காயம், பருப்பு என்று ஒவ்வொன்றாக எழும்பி நிற்கும்.

என் மனைவி ஆரம்பத்தில் இருந்தே என்னோடு வேலைக்கு வந்தவள். தேங்காய் துருவுவது, மசாலா அரைப்பது, பாத்திரம் தேய்ப்பது அவள் பங்கு. வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் என் சமையலில் குறை சொல்வதும் அவள் பங்குதான். "ரசத்துக்குப் புளி கொஞ்சம் சண்ட போட்டுச்சு" என்பாள். ஊரே புகழ்ந்த ரசமாக இருக்கும்.

ஊரெல்லாம் மூடிக் கிடந்த கொரோனாக் காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது. வாசம் திரும்பி வரும் என்றார் டொக்டர். மகனுக்கும் அப்படித்தான் போய்ச் சில வாரத்தில் வந்தது. எனக்கும் வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வரவில்லை.

அதற்காகப் பயந்தேனா? இல்லை. உப்பின் அளவு கைக்குத் தெரியும். கூட்டத்தைப் பார்த்தால் அரிசியின் அளவு கண்ணுக்குத் தெரியும். வெங்காயம் நிறத்தைக் காட்டும், கடுகு சத்தம் போடும். மறுபடி விசேஷங்கள் தொடங்கியபோது நான் பாட்டுக்கு ஆக்கினேன், ஜனங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டார்கள். மூக்கில்லாமல் ஊருக்குச் சோறு போடுகிறவன் என்னை விட்டால் யார் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது.

அப்போதுதான் கோயிலில் ஒரு அன்னதானம். பாயாசம் கிண்டிக்கொண்டு நிற்கிறேன். காய் வெட்டும் ஆள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இலை நறுக்குகிறவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் கையின் அழகைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சுழற்றிக் கிண்டினேன். படையல் முடியவில்லை, யாரும் வாய் திறக்கக் கூடாது. அதனால் யாரும் திறக்கவில்லை. பாயாசம் அடிப்பிடித்துத் தீய்ந்துகொண்டிருந்தது. மடப்பள்ளி முழுக்க அந்த வாசம்தானாம். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பந்தி நடக்கும்போது கோயில் தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டர், பாயாசத்துல இன்னைக்கி என்னமோ ஒரு வாசம். புதுசா இருக்கே?"

என்ன வாசம் என்று எனக்கு எப்படித் தெரியும்? புகழ்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "அது பழைய காலத்துப் பக்குவம் ஐயா. இப்ப யாருக்குத் தெரியும்?"

"அதானே பாத்தேன்" என்றார் அவர். பாயாசக் கோப்பையை மெதுவாகக் கதிரைக்கு அடியில் தள்ளி வைத்தார்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் மனைவி ஒரு குறையும் சொல்லவில்லை. மகாவலிப் பாலம் தாண்டி வீட்டு வாசல் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அப்படி ஒரு பயணம் நாங்கள் போனதில்லை.

மறுநாள் காலை, முன் வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். டீயைக் கொண்டு வந்து ஸ்டூலில் வைத்துவிட்டு நின்றாள்.

"எப்படி இருக்கு டீ?"

"நல்லாருக்கு."

"இன்னும் வாயிலயே வைக்கலயே."

"வாசத்துலயே தெரியுதே புள்ள."

குனிந்து என் கதிரைக்கு அடியில் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தாள். மூடி கழற்றின பெருங்காயப் போத்தல். "விடிஞ்சதுல இருந்து இது ஒங்க காலுக்குக் கீழதான் இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலால எட்டிப் பாத்து, என்னா இன்னைக்கி காலையிலயே சாம்பாரான்னு கேக்குறா. நீங்க பேப்பர் படிக்கிறீங்க."

நான் பேப்பரை மடித்தேன். திரும்ப விரித்தேன். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்து?"

"போனது வரவே இல்ல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டா பொறகு நான் யாரு?"

அதற்கு அவள் அழுவாள் என்று நினைத்தேன். போத்தலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "யாரோ. டீயக் குடிங்க, ஆறுது" என்றாள்.

மகன் விஷயம் கேள்விப்பட்டு வந்தான். "அப்பா, போதும். எங்க ஃபாக்டரி கேட்டுல ஒக்கார ஆள் தேடுறாங்க. கதிரை, ஃபேன், ரேடியோ எல்லாம் இருக்கு" என்றான்.

"டேய், என்னைய கேட்டுல ஒக்கார வெச்சா வர்றவன் போறவனை எல்லாம் சாப்பிட்டியான்னுதான் கேப்பேன். ஒன் முதலாளி தாங்குவானா?"

அவன் தாய்தான் வழி சொன்னாள். "என் மூக்கு சும்மாதானே இருக்கு."

அதற்குப் பிறகு நான் கரண்டியோடு நிற்பேன். அவள் ஏதோ எடுக்க வருகிறவள் போல வந்து ஆவிக்குக் குனிந்துவிட்டுப் போவாள். போகிற போக்கில் அண்டா விளிம்பில் விரலால் தட்டினால் உப்புப் போட வேண்டும். வளையல் சத்தம் கேட்டால் புளி. ஒன்றும் கேட்காவிட்டால் எல்லாம் சரி. காய் வெட்டுகிறவர் ஒருநாள், "என்னா மாஸ்டர், வர வர அக்கா பக்கத்துல இல்லாட்டி ஒங்க அடுப்பு பத்த மாட்டேங்குதே" என்று சிரித்தார். "ஒனக்குப் பொறாமைடா" என்றேன். பழையபடி நல்ல பெயர். வீட்டுக்கு வரும் வழியில் பழையபடி குறை.

அப்படியே ஓட்டியிருப்பேன். பேராதனையில் ஒரு காதுகுத்து வீடு இல்லாவிட்டால்.

சாம்பார் கொதிக்கிறது. அவள் வந்து குனிந்தாள். தட்டவில்லை, வளையலும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய், கொஞ்சம் மல்லியும் துருவிய தேங்காய்ப்பூவும் வறுத்து நுணுக்கிக் கொண்டு வந்து, என்னைக் கேட்காமலே அண்டாவில் தூவினாள். என் அண்டாவில்! ஏச வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். மூக்கு நுனியில் வியர்வை, புருவத்தில் ஒரு சுருக்கம், உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு. எனக்குள் இடாப்புக் கூப்பிட்ட காலத்தில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நானே பார்க்காத என் முகத்தை அவளிடம் பார்த்தேன்.

அன்றைக்கு ஜனங்கள் சோற்றை விட்டுவிட்டுச் சாம்பாரைக் குடித்தார்கள். வீட்டுக்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "மாஸ்டர், இது கையா வேற என்னமோவா!" நானும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவள் தாச்சிச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பாராட்டுவதைப் பார்த்து, தன் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்கிற மாதிரிச் சிரித்தாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொழிலை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று இப்போது சிலர் என்னைக் கேட்கிறார்கள். மூக்குப் போன அன்று எனக்குத் தெரியவில்லை. பாயாசம் தீய்ந்த அன்றும் தெரியவில்லை. அவள் ஆக்கிய சாம்பாருக்கு நான் தலையாட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் தெரிந்தது. என் தொழில் எப்போதோ மாறிவிட்டது, நான்தான் யாருக்கும் சொல்லாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.

அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் சம்மதிக்க மாட்டாள் என்று தெரியும்.

அடுத்தது கண்டி டவுனில் ஜவுளிக் கடை முதலாளியின் மகள் கல்யாணம். பெரிய இடம். அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால் பெண்ணைப் பெற்றவர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு வேட்டி வைத்து மாஸ்டர் கையில் கொடுக்க வேண்டும். அதை வாங்குகிற ஆளின் கையில்தான் அன்றைய சாப்பாடும் அந்த வீட்டின் மானமும். வாழ்நாள் முழுக்க நான் வாங்கியிருக்கிறேன். ஒரு பொம்பளை வாங்கி நான் பார்த்ததில்லை.

முதலாளி தாம்பாளத்தை நீட்டினார். நான் ஓரமாக விலகினேன். "அவகிட்டக் குடுங்க முதலாளி."

"என்னா மாஸ்டர், வெளாட்டா?"

"இன்னைக்கி ஆக்குறது அவதான்."

காய் வெட்டுகிறவரின் கத்தி நின்றது. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தாள். "என்னாங்க இது, சபையில?"

முதலாளி முகம் இருண்டுவிட்டது. "மாஸ்டர், ஒங்க பேரைச் சொல்லித்தான் ஊரையே கூப்பிட்டிருக்கேன். கொஞ்சம் பெசகினா நான் தலை நிமிர்ந்து நடக்கணுமா இல்லையா?"

"பெசகாது. நான் எங்கயும் போகல. அடுப்படியிலதான் இருப்பேன். தீ நான் பாத்துக்கிறேன்."

அவர் அசையவில்லை. இவ்வளவு காலம் கட்டிய பெயர், அந்தத் தாம்பாளத்தில் தேங்காய் போல உருண்டுகொண்டு நின்றது. அப்போது பின்னால் நின்ற முதலாளியின் மனைவி முன்னுக்கு வந்தார். புருஷன் கையில் இருந்து தாம்பாளத்தை வாங்கி என் மனைவியிடம் நீட்டினார். "நீங்க வாங்குங்கக்கா. இவருக்குத் தெனமும் ஆக்கிப் போடுறது யாராம்? அப்ப மானம் போகலயாமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். வாங்கிவிட்டாள்.

வாங்கியதும் வேட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். "இத நான் கட்டவா முடியும்? நீங்க கட்டிக்கங்க. தீ பாக்குற ஆளு அழுக்குச் சாரத்தக் கட்டிக்கிட்டு நின்னா எனக்குத்தான் அசிங்கம்."

கட்டிக்கொண்டு வந்து குந்தினேன். தீ என்றால் லேசு என்று நினைக்காதீர்கள். சோற்றுக்கு ரப்பர் விறகு, நின்று எரியும். பருப்புக்குத் தேயிலை மிலாறு, கவ்வாத்து வெட்டிய காய்ந்த குச்சி. சட்டென்று பிடித்துச் சட்டென்று அடங்கும். பாயாசத்துக்குத் தீயே கூடாது, தணல் மட்டும். "கூட்டுங்க" என்றாள், கூட்டினேன். "கொறைங்க" என்றாள், குறைத்தேன். என் வயதில் இப்படி ஒரு ஆள் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் பாயாசம். அவள் கிண்டுகிறாள், முகத்தில் பயம். கோயிலில் நடந்தது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. நான் அண்டாவின் அடியிலேயே காதை வைத்திருந்தேன். பாலின் சத்தம் மெலிதாகத் துள்ளிக்கொண்டிருந்தது, திடீரென்று கனத்தது. அடியில் கட்டப் போகிறது என்று அர்த்தம். அவள் மூக்குக்கு அது எட்டுவதற்கு முன்னால் தணலை இழுத்துவிட்டேன். கரண்டியை நிறுத்திவிட்டு என்னைக் குனிந்து பார்த்தாள். படையல் முடியவில்லை, பேசக் கூடாது. அண்டா விளிம்பில் விரலால் மெல்லத் தட்டினாள். உப்புக்கு இல்லை, பாயாசத்துக்கு உப்பு எதற்கு? அது எனக்கு.

பந்தி முடிந்ததும் முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம்தான் போனார். "அம்மா, பாயாசம்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் என்னைக் காட்டி, "தீ பாத்தது அவரு" என்றாள். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதிலும் விழவில்லை.

இப்போது நாள் குறிப்பதற்கு முன்னால் அவளைத்தான் கேட்கிறார்கள். சந்தோஷம். பொய்யில்லை, உண்மையான சந்தோஷம். வீட்டுக்கு வரும் வழியில் இப்போது நான் குறை சொல்கிறேன், "ரசத்துல புளி சண்ட போட்டுச்சு" என்று. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரிக்கிறாள்.

ஆனால் மகன் போன கிழமை லொறிக் கதவில் புதுப் பெயர் எழுதி வைத்திருக்கிறான். அம்மாவின் பெயர் மட்டும், பெரிய எழுத்தில், பூப் போட்டு. அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள முடியாது. அவள் பெயர் மேலே இருக்கட்டும், பெரிதாக இருக்கட்டும், பூவும் இருக்கட்டும். அதற்குக் கீழே, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, 'தீ' என்று போட்டுப் பக்கத்தில் என் பெயரை எழுத வேண்டும். இனி அந்தப் பாயாசத்தைக் குடிக்கிற யாரும் அவளை மட்டும் புகழ்ந்துவிட்டுக் கை கழுவப் போகக் கூடாது. அடுப்புப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போங்கள். வேட்டி கட்டிக்கொண்டு குந்தியிருப்பது நான்தான்.

மகனே, அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் அந்தப் பெயின்ட் காய்ந்திருக்க வேண்டும்.