பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு?

13.9.2023 – 10
14.9.2023 – 10
15.9.2023 – 10
16.9.2023 – 10
17.9.2023 – 10
18.9.2023 – 10
19.9.2023 – 10

என் மகள் மலர்விழியின் வயிற்றில் இருந்த குழந்தை ஒவ்வொரு நாளும் அசைந்த கணக்கு இது. எண்ணியவள் அவள், எழுதியவன் நான். ஏழு நாளும் பத்து. எண்ணிக்கையில் பிழை இல்லை. ஆனால் இந்தத் தாளை மட்டும் நம்பி அன்றைக்கு எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இப்போதும் எனக்குத் தைரியம் இல்லை. அனுப்பாமல் நிறுத்தியவர் மலாக்காவில் பெம்பான் கிளினிக்கில் நர்சாக இருந்த பவானேஸ்வரி. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

அவர் பிறந்தது 17.5.1964. பெம்பானுக்கு அருகில் நான் கிராணியாக இருபத்து நான்கு வருடம் கணக்கு எழுதிய ரப்பர் தோட்டத்தில். அப்பா அப்புசாமி பால்மரம் சீவியவர். நான்கு பெண் பிள்ளைகளில் இவர் மூன்றாவது. ஐந்தாம் படிவம் முடித்ததும் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து, நர்சுப் பயிற்சிக்கான பாரத்தைப் பூர்த்தி செய்ய அப்பாவுடன் என் ஆபீசுக்கு வந்தார். நல்ல வேலையை ஏன் விடுகிறாய் என்று கேட்டேன்.

"அங்க நாள் முழுக்க பூதக்கண்ணாடிக்குள்ள சிப்பைத்தான் பாக்குறேன் கிராணி ஐயா. ஒண்ணாவது திரும்பி என்னைப் பாக்குதா?"

அப்புசாமி தலையில் அடித்துக்கொண்டார். நான் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன்.

பயிற்சி முடிந்து முதலில் அவரைக் கோலா சுங்கை பாருவுக்கு அனுப்பினார்கள். கடற்கரை ஊர். மீன்பிடிக் குடும்பங்கள். கர்ப்பிணிகள் சொன்ன நாளில் வந்து, எடை பார்த்து, இரத்தம் கொடுத்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். கேள்வி ஏதாவது உண்டா என்றால் இல்லை என்பார்கள். ஆனால் வேலை முடிந்து பவானேஸ்வரி மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளும்போது கேட் அருகே யாராவது ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். "மிஸ்ஸி, ஒன்று கேட்கலாமா?" என்று மலாயில் தொடங்குவாள்; நர்சை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். உண்மையான பயம் அப்போதுதான் வெளியே வரும். இதைக் கவனித்த பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். பரிசோதனை முடிந்த ஒவ்வொரு பெண்ணோடும் கேட் வரை நடப்பார். கையில் புத்தகம், பேனா எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார். 1999-இல் பெம்பானுக்கு மாற்றலாகி வந்த பிறகும் அந்த நடை நிற்கவில்லை. மேலதிகாரி ஒருவர், இப்படி நடந்தால் ஒரு நாளைக்கு எத்தனை நேரம் வீணாகும் என்று கேட்டாராம். "கேள்வி எல்லாம் கேட்லதான் டாக்டர் நிக்குது" என்றாராம் இவர்.

கணவர் வசந்தன் லாரி ஓட்டுநர். ஒரே மகன் தினேஷ்வரன். அந்த மகனைச் சுமந்தபோது நடந்ததை இவர் ஒளிக்காமல் எல்லாப் பெண்களிடமும் சொல்வார். "நான் நர்சு. எல்லாருக்கும் இரும்புச் சத்து மாத்திரை குடுக்குறவ. ஆனா என் இரத்தம் மட்டும் ஏறவே இல்ல. எட்டு புள்ளி ஒம்பது. ஏன் தெரியுமா? காலையில தேத்தண்ணியோட மாத்திரையை முழுங்கிட்டு வேலைக்கி ஓடுவேன். தேத்தண்ணி குடிச்சா அந்தச் சத்து ஒடம்புல சேராதுன்னு பாடத்துல படிச்சவதான் நானும்!" கேட்பவர்கள் சிரிப்பார்கள். பிறகு அவர்களில் பாதிப் பேர், தாங்களும் அப்படித்தான் செய்வதாக ஒப்புக்கொள்வார்கள்.

மலர்விழிக்கு முப்பத்தொரு வயது. மருமகன் குகனோடு கிளேபாங்கில் வாடகை வீட்டில் இருந்தாள். 2021-இல் அவளுக்கு முதல் கர்ப்பம் பதினோராவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதனால் இந்த முறை எங்கள் எல்லோருக்கும் பயம் இருந்தது. 27.8.2023 அன்று வளைகாப்பு செய்து, முறைப்படி பெம்பானில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மூன்றாம் நாள் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம்.

என் மனைவி பெரியநாயகி கேள்விகளோடு வந்திருந்தாள். மகளுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள்தான்.

"மிஸ்ஸி, இந்த மாத்திரை தின்னா புள்ள கறுப்பா பொறக்குமாமே?"

"என்னை நல்லாப் பாருங்கக்கா. எங்கம்மா ஒரு மாத்திரை தின்னதில்ல. நான் எந்தக் கலர்ல இருக்கேன்?"

பெரியநாயகி பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப வெளிக்கிப் போறது கறுப்பாப் போகுதுங்கிறாளே?"

"அது மாத்திரையோட வேலை. பயந்து நிறுத்திடக் கூடாது. ஆரஞ்சு சாறோட முழுங்கட்டும். தேத்தண்ணி ரெண்டு மணி நேரம் கழிச்சி."

"கால் வீங்குது."

"சாயங்காலம் வீங்கி காலையில வடிஞ்சா பரவால்ல. மூஞ்சி, கை வீங்கி, தலைவலி வந்து, கண்ணு மங்கலாத் தெரிஞ்சா அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காதீங்க. அப்பவே ஓடி வாங்க."

"பப்பாளி?"

"பழுத்தது ரெண்டு துண்டு தின்னா ஒண்ணும் ஆகாது. காய் வேணாம்."

"அன்னாசி?"

"அக்கா, பசார் பூராத்தையும் கேப்பீங்க போல!"

பிறகு என்னைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள். உள்ளே கேட்கப்பட்ட கேள்விகள் எனக்குத் தெரியா. ஆகவே எழுதவில்லை.

கிளம்பும்போது பவானேஸ்வரி எங்களோடு கேட் வரை வந்தார். காரின் கதவைத் திறந்த மலர்விழி உள்ளே ஏறாமல் நின்றாள்.

"மிஸ்ஸி, முதல் தடவை... அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பத்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிட்டு மாடி ஏறுனேன். அதாலதானே?"

இரண்டு வருடமாக அவள் இதை எங்களிடம் சொன்னதில்லை. குகனிடமும் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தது.

"இல்ல புள்ள. அந்த வாரத்துல கலையுறது பெரும்பாலும் கரு உருவாகும்போதே உள்ள ஏற்பட்ட கோளாறு. நீ அன்னிக்கிப் படுத்தே கெடந்திருந்தாலும் அதுதான் ஆயிருக்கும். அரிசி மூட்டையை இன்னிக்கி இங்கயே இறக்கி வச்சிட்டுப் போ."

மலர்விழி அவர் தோளில் சாய்ந்து அழுதாள். பெரியநாயகியும் அழுதாள். நான் காரைச் சுற்றி வந்து டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி என் தவறுக்கு வருகிறேன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பதிவுப் புத்தகத்தில் குழந்தையின் அசைவைக் குறிக்க ஒரு தாள் இருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து எண்ண வேண்டும். பத்தாவது அசைவு வந்த மணிக்கு நேரான கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்து வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டங்கள் மிகச் சிறியவை. என் கண்ணுக்கு எட்டவில்லை. வேறு தாளில் நான் எழுதித் தருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

தோட்டத்து ஆபீசில் ஆள் வருகையைப் பதியும் செக்ரோலை இரண்டு தடவை எழுதுவோம். முதலில் ரஃப். வாரக் கடைசியில் நல்ல பிரதி. ரஃப்பில் ஆள் எத்தனை மணிக்கு வந்தான் என்பது இருக்கும். நல்ல பிரதியில் மொத்தம் மட்டும் ஏறும். அதே கையால்தான் இதையும் எழுதினேன். மகள் சொல்லச் சொல்ல நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் நேரத்தோடு கோடு போட்டேன். வாரம் முடிந்ததும் ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து, தேதியும் பத்தும் எழுதி, கிளினிக்கின் தாளுக்கு மேலே கிளிப் போட்டு வைத்தேன். பத்து வந்துவிட்டது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

20.9.2023, புதன்கிழமை. மலர்விழிக்கு முப்பத்தாறு வாரம் முடிந்து மூன்று நாள். கிளினிக்கில் எங்கள் முறை வந்தபோது மணி பத்து. பவானேஸ்வரி புத்தகத்தைத் திறந்தார். என் தாளைப் பார்த்தார். அதைத் தூக்கி அடியில் இருந்த வெறும் தாளைப் பார்த்தார்.

"கிராணி ஐயா, இது நீங்க எழுதினதா?"

"ஆமா. சுத்தமா இருக்குல்ல?"

"ரொம்பச் சுத்தம். பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு?"

"ஒம்பது மணிக்குள்ள பத்து வரணும்னுதானே போட்டிருக்கு? எல்லா நாளும் வந்துருச்சி."

"வந்துருச்சி லா. எப்ப வந்துச்சி?"

பெரியநாயகி குறுக்கிட்டாள். "மாசம் நெருங்குனா புள்ள அடங்கிடும் மிஸ்ஸி. உள்ள எடமில்லல்ல."

"அடங்காதுக்கா. எல்லாரும் இதைத்தான் சொல்லிச் சொல்லி வச்சிருக்காங்க. எடம் கொறஞ்சா உதைக்கிற மாதிரி மாறும். நெளியும், புரளும். ஆனா அசையுறது கொறையக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரஃப் எங்க? கிராணி ரஃப்பைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாரே."

பையில் இருந்தது. ரப்பர் போட்டுக் கட்டிய ஏழு தாள்களையும் கொடுத்தேன். அவர் அவற்றை மேசைமேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துக் கட்டங்களைக் கறுப்பாக்கினார். பதின்மூன்றாம் தேதி காலை 10.50. மறுநாள் 11.15. அடுத்து 11.40. பிறகு பிற்பகல் 1.20, 3.10, 5.45. நேற்று இரவு 8.35. ஏழு கறுப்புக் கட்டங்கள் மாடிப்படி மாதிரி கீழே இறங்கின. யாரும் அவற்றை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னிக்கி எத்தனை?"

"இன்னும் ஒண்ணும் இல்ல மிஸ்ஸி" என்றாள் மலர்விழி. அவள் குரல் மாறியிருந்தது.

பவானேஸ்வரி அவளைப் படுக்க வைத்து வயிற்றை டேப்பால் அளந்தார். முப்பத்து மூன்று சென்டிமீட்டர். போன வாரமும் அதே முப்பத்து மூன்று; வயிறு வளரவில்லை. பிறகு சிறு கருவியை வயிற்றில் வைத்தார். குழந்தையின் இதயம் அடிப்பது அறை முழுக்கக் கேட்டது.

"கேக்குதே மிஸ்ஸி! அப்ப ஒண்ணுமில்லதானே?" என்றாள் பெரியநாயகி.

"இப்ப உசிரோட நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கும்போதே போயிடணும்."

புத்தகத்தின் அட்டையில் இருந்த பச்சை ஒட்டியை உரித்து, உடனே ஆஸ்பத்திரி என்று பொருள்படும் சிவப்பை ஒட்டினார். டாக்டரை அழைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். 10.55-க்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. அவரும் அதில் ஏறினார். கதவை மூடும் முன் நான் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உங்க மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனா ரஃப்பை வச்சிருந்தீங்கல்ல? அது போதும். பின்னாலயே வாங்க, மெதுவா ஓட்டுங்க."

மலாக்கா ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பை அரை மணி நேரம் வரைபடமாக எடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை, குழந்தைக்கு உணவும் காற்றும் குறைந்துகொண்டே வருகிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். பிற்பகல் 2.25-க்கு அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. எடை 1.98 கிலோ. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று டாக்டர் தொடங்கினார். குகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை முடிக்க விடவில்லை.

தேவிஸ்ரீ என்று பெயர் வைத்தோம். பதினோரு நாள் சிறப்புப் பிரிவில் இருந்து 1.10.2023 அன்று வீட்டுக்கு வந்தாள். ஆனால் கவலை அத்துடன் முடியவில்லை. வயிற்றுக்குள் அந்தக் கடைசி நாட்களில் காற்றுக் குறைந்தது அவள் காதையோ மூளையையோ பாதித்திருக்குமா என்பதை வளர வளரத்தான் சொல்ல முடியும் என்றார்கள். ஒன்றரை வயது வரை ஆஸ்பத்திரி தொடர்ந்து பார்க்கும் என்றார்கள்.

பவானேஸ்வரி குழந்தையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த நாட்களில் மலர்விழிக்கு வேறு கேள்வியே இருந்ததில்லை. குழந்தை திரும்பிப் பார்க்கவில்லையே, கையை இறுக்கி மூடிக்கொண்டே இருக்கிறாளே, இதெல்லாம் அதாலயா? அவர் ஒருபோதும் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரியும் என்றார். தெரியாததை, "அது எனக்குத் தெரியாது புள்ள, டாக்டர் அடுத்த மாசம் பாப்பாரு. அதுவரைக்கும் பால் குடு, பேச்சுக் குடு" என்றார். எங்களுக்கு அந்த நேர்மைதான் தெம்பாக இருந்தது.

17.5.2024 அன்று தம் அறுபதாவது வயதில் அவர் ஓய்வு பெற்றார். பெரியநாயகி சேலை எடுத்துக்கொண்டு போனாள். அவர் அதை வாங்கவில்லை. கடைசியாகப் பரிசோதித்த பெண்ணோடு அன்றும் கேட் வரை நடந்து வந்தார் என்று பெரியநாயகி சொன்னாள்.

தேவிஸ்ரீ பதின்மூன்றாவது மாதத்தில் சுவரைப் பிடித்து நடந்தாள். பதினைந்தாவது மாதத்தில் சுவரை விட்டாள். 20.3.2025 அன்று கடைசிப் பரிசோதனை. காதைச் சோதித்தார்கள். மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். அவள் அடுக்கி, தட்டிவிட்டு, டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். முடிவைக் கடிதத்தில் அனுப்புவதாகச் சொன்னார்கள். இருபது நாள் காத்திருந்தோம். கேட்கும் திறன், நடை, பேச்சு எல்லாம் வயதுக்கு ஏற்றபடி இருக்கின்றன, இனி வரத் தேவையில்லை என்று மலாயில் நான்கு வரி. பெரியநாயகி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பதற்குள் நான் வாங்கி, பவானேஸ்வரிக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை படிங்க ஐயா" என்றார். படித்தேன்.

கடிதம் வந்த தேதி 9.4.2025, புதன்கிழமை.