மரியாதைக்குப் போட்ட ‘தே’

ஆங்கிலத்தில் சொற்கள் எட்டு வகை. அந்த எட்டின் பெயரையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டால் ஆங்கிலம் கைக்கு வந்துவிட்டது என்று நம்பிய மடையன் நான். ஐம்பதுகளில் துறைமுகக் கிடங்கில் எனக்கு வேலை. சாயங்கால வகுப்புக்கு ஆறு மாதம் போனேன். தேக்காவில் நாங்கள் பன்னிரண்டு பேர் தங்கியிருந்த மாடிவீட்டில், குளிக்கும்போதுகூட “நவுன், புரோநவுன், வெர்ப்” என்று சொல்லிச் சொல்லித் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். “எந்தச் சாமிக்கு மந்திரம், தம்பி?” என்று கிண்டலடிப்பார்கள். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

பக்கத்துப் பாயில் படுப்பவர் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணன். ஒருநாள் சொந்த ஊரான ஈப்போவிலிருந்து அவருக்குத் தந்தி: அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா. லீவு வேண்டுமென்றால் துரைக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாக எழுதித் தரும் ஆபீஸ் குமாஸ்தா, அந்தத் தமிழ்க் கிராணியோ ஊரில் இல்லை.

“எட்டும் தெரிஞ்ச ஆளு நீதானே, எழுது தம்பி.”

எழுதினேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது வரை ஒழுங்கு. அடுத்த வரியில் புரோநவுன் வந்து நின்றது. பெயருக்குப் பதிலாக வரும் சொல். ‘ஷி’ என்றால் ‘அவள்’. அடுத்தவர் அம்மாவை, அதுவும் படுக்கையில் கிடப்பவரை, ‘அவள்’ என்பதா? யோசித்து, ‘அவங்க’ என்று வரும்படி ‘தே’ போட்டேன். ‘தே ஆர் காலிங் மீ. ஐ மஸ்ட் கோ டு தெம்.’ என் பண்பாட்டை நானே மெச்சிக்கொண்டேன்.

துரை சிவப்புப் பென்சிலால் கோடு கிழித்துத் திருப்பி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. ‘மஸ்ட்’டுக்கு அடியில் இரண்டு கோடு போட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் சிவப்புக் கோடு.

மூன்றாம் நாள் கிராணி திரும்பி வந்து படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“யாருய்யா இந்த ‘தே’, ஒரு கும்பலா? அவங்க கூப்பிடறாங்க, நான் போயே ஆகணும்னா, ஸ்ட்ரைக்குக்குக் கூப்பிடறாங்கன்னுதானே துரை நினைப்பான்? ஊரே ஸ்ட்ரைக்கா கிடக்குது!”

‘தே’யை அடித்து ‘ஷி’ போட்டார். பத்தே நிமிடத்தில் லீவு கிடைத்தது.

அண்ணன் ஈப்போ போய்ச் சேர்ந்தபோது, அம்மாவுக்குப் பேச்சு நின்று ஒருநாள் ஆகியிருந்தது. மகனைப் பார்த்தார்களாம். பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லையாம். அன்று ராத்திரியே போய்விட்டார்கள்.

மொட்டைத் தலையோடு அவர் திரும்பி வந்தார். நான் இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் ஒளியப் பார்த்தேன். பக்கத்துப் பாயில் இருந்துகொண்டு ஒளிவது எப்படி என்று எந்த இலக்கணத்திலும் இல்லை. குளியலறையில் மந்திரமும் நின்றுபோயிற்று. கடைசியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணே, மரியாதைக்காகத்தான் அப்படிப் போட்டேன். அம்மாவைப் போய் ‘அவள்’னு எப்படி…”

வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

“எனக்கு அம்மா ஒருத்திதான், தம்பி.”