நாகஜோதி வேறு வைத்த செயலி

நாகஜோதிக்குக் காலையில் வரும் முதல் அழைப்பு வசவாகத்தான் இருக்கும்.

"ஏத்தா, ஒன் செயலியில ஏழே காலுன்னு போட்டிருக்கு. பஸ்ஸு அப்பவே போயிருச்சுங்கிறான் டீக்கடக்காரன். வெளங்குவியா நீ?" ஆத்தங்குடியிலிருந்து யாராவது கேட்பார்கள்.

ஊர் அவளைத் திட்டியதில் நியாயம் உண்டு. காரைக்குடியைச் சுற்றியுள்ள டவுன் பஸ் நேரங்களைச் சொல்லும் 'பஸ் எப்ப' செயலிக்கு நிறுத்தம் நிறுத்தமாகச் சுவரொட்டி ஒட்டியவள் அவள்தான். கீழே தன் கைபேசி எண்ணையும் போட்டுவிட்டாள். விவசாயக் கூலியின் மகள். பழைய பேருந்து நிலையம் பக்கம் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறாள். வாய் பெரிது, பொறுமை சிறிது. மையத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'எரர் மெசேஜ்'.

செயலியை எழுதியவர் ஏகப்பன். சிங்கப்பூரில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். செயலியின் நிரலை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். ஆனால் அனுப்புபவர் முதலில் தன் கணினியில் செயலியை முழுசாக ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கான குறிப்பு, உருட்ட உருட்டத் தீராத பக்கம். இதை நிறுவு, இல்லை, இதன் பழைய பதிப்பை நிறுவு, புதியதை நீக்கு, மறுபடி தொடங்கு. போதாக்குறைக்குத் தன் கணினியின் கோப்புறைப் பாதையை அப்படியே நிரலுக்குள் எழுதி வைத்திருந்தார். அதனால் உதவ வருகிற ஒவ்வொருவரும் தம் கணினியில் 'ஏகப்பன்' என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்தால்தான் அது ஓடும்.

பஸ் நேரங்கள் மாறின, செயலி மாறவில்லை. ஊருக்கு ஒருவர் அவரவர் ஊர் நேரத்தைத் திருத்தினால் வேலை முடிந்தது என்று, ஒரு ஞாயிறு கல்லூரிப் பிள்ளைகளை மையத்துக்கு அழைத்தாள் நாகஜோதி. சாப்பாட்டு நேரத்தில் வெளியே போன பலர் திரும்பவில்லை. சாயங்காலம் பாண்டீஸ்வரி என்ற மாணவி மட்டும் மிஞ்சினாள்.

"அக்கா, நானும் ஏகப்பனாயிட்டேன். அப்பவும் ஓடலை. இனி மொட்டை போட்டுக் காது குத்துனாத்தான் ஓடும்போல."

மறுவாரமே நாகஜோதி அத்தனையையும் ஒற்றைக் கட்டளைக்குள் அடக்கினாள். அதை அடித்தால் வேண்டிய கருவிகள் சரியான பதிப்பில் தானே இறங்கும். பாதையைக் கணினியே கண்டுகொள்ளும். பாண்டீஸ்வரி டீ குடித்து முடிப்பதற்குள் செயலி திரையில் ஓடியது. ஏகப்பனுக்கு அனுப்பினாள். பதில் வந்தது: "தேவையில்லை. கஷ்டப்படாதவர்களின் திருத்தம் எனக்கு வேண்டாம்."

நாகஜோதி நேரே அவர் வீட்டுக்குப் போனாள். ஏகப்பனின் மனைவி மீனாள் ஆச்சி மடிக்கணினியில், வீட்டில் வாடகைக்கு விடும் விருந்தினர் அறைகளின் முன்பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, கஷ்டப்படாதவுக கை பட்டா உங்க நிரல் தீட்டாயிருமா?"

"அது வடிகட்டிம்மா. கண்டவனும் கை வைக்கக் கூடாதுல்ல?"

"வடிகட்டி மிஞ்சுனது யாரு? நீங்க ஒராளு. நீங்களோ கார்ல போறீக. பஸ்ஸுக்கு நிக்கிறவுக என்னயத்தான் வையிறாக."

"நான் ராப்பகலா உழைச்சு எழுதுனது."

"உழைச்சீக. எங்க, உங்க குறிப்ப வச்சு ஆச்சி லேப்டாப்புல ஓட்டிக் காட்டுங்க. ஓடுனா என் போஸ்டரெல்லாம் நானே கிழிச்சுப் போட்டுர்றேன்."

ஏகப்பன் உட்கார்ந்தார். முதலில் விரல்கள் வேகமாக ஓடின. பிறகு குறிப்பைத் திரும்பத் திரும்ப மேலே உருட்டினார். பிறகு கைபேசியில் எதையோ தேடினார்.

"ஏங்க, எனக்கு புக்கிங் பாக்கணும்" என்றார் மீனாள் ஆச்சி. "இதென்ன, என் லேப்டாப்புல உங்க பேரு வந்து நிக்குது?"

ஏகப்பன் மடிக்கணினியை மூடினார். "இந்தா பாரு, பிடிக்கலேன்னா வேறு வச்சுக்க. யாரு வேணாங்குறா?"

ஏகப்பனைப் போன்ற நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்புக் கொடுத்து வேறு வைப்பார்கள். அது சண்டையல்ல, முறை. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் பெற்றவர்கள் கொடுத்துத்தான் வைப்பார்கள். ஏகப்பன் அந்தச் சொல்லை விரட்டுவதற்காக வீசினார். நாகஜோதி அதை முறையாகவே பிடித்துக்கொண்டாள்.

"சரி, வச்சுக்கிறேன். நிரல் பொது, அதுக்கு உங்களக் கேக்க வேண்டியதில்ல. சாமான் என்ன தர்றீக?"

"என்ன சாமான்?"

"செயலிய வச்சிருக்கிற சனம் அம்புட்டும் உங்ககிட்ட இருக்கு. நான் புதுசு வச்சா யாருக்குத் தெரியும்? உங்க செயலியத் தொறந்ததும் 'புது நேரம் இங்குட்டு இருக்கு'ன்னு ஒரு வரி போடுங்க."

"முடியாது."

மீனாள் ஆச்சி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். "நம்மள வேறு வச்சப்ப உங்க ஆத்தா உப்புச் சாடி மொதக்கொண்டு எடுத்துக் குடுத்தாக. வெறுங்கையோட வேறு வச்ச வீடுன்னு நாலு பேரு பேசவா? அந்த வரியப் போடுங்க."

"போட்டுத் தொலைக்கிறேன்" என்றார் ஏகப்பன், நாகஜோதியைப் பார்த்து. "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

"நான் பஸ்ல வர்றவ. உங்க நேரத்தப் பாத்துக் கெளம்புனா எப்படியும் வந்து சேரமாட்டேன்."

வரியைப் போட்டார், முடிந்த மட்டும் சின்ன எழுத்தில். அதுவே போதுமானதாக இருந்தது. சனம் புதுச் செயலிக்கு மாறியது. ஞாயிறன்று நழுவிய பிள்ளைகளும் திரும்பி வந்து கட்டளையை அடித்துப் பார்த்தார்கள். ஆத்தங்குடி சரியானது, அரியக்குடி சரியானது. ஏகப்பன் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. அவளுக்கும் அதில் குறையில்லை.

வசவு மட்டும் முழுசாக நிற்கவில்லை. சென்ற மாதம் நேமத்தான்பட்டியிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார்.

"மனுசர வெயில்ல காயவைக்கிறியே, நீ நல்லாருப்பியா?"

முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பாள். இப்போது குறுக்கிட்டாள். "வீட்டுல படிச்ச பிள்ள இருக்கா?"

"எம் மகன் முகேஷு காலேஜு படிக்கிறான். அதுக்கென்ன இப்ப?"

"கம்ப்யூட்டரு இருக்கா?"

"இருக்கு. எந்நேரமும் அதத்தான் கட்டிக்கிட்டு அழுகுறான்."

"அப்ப என்னய வையாதீக, அவன வையுங்க. ஒரே ஒரு கட்டளை. செயலிக்குள்ளயே போட்டிருக்கேன். அத அடிச்சு அவனையே திருத்தச் சொல்லுங்க." இணைப்பைத் துண்டித்தாள்.

மதியத்துக்குள் திருத்தம் வந்துவிட்டது. நேமத்தான்பட்டி நேரம் சரியாக இருந்தது. செயலியை ஓட்டிப் பார்த்த படமும் கூட இருந்தது. மாற்றத்துக்கு விளக்கம் எழுதும் இடத்தில் முகேஷ் எழுதியிருந்தான்: "நேரம் திருத்தப்பட்டது. எங்கம்மாகிட்ட மரியாதையாப் பேசவும்."

நாகஜோதி முதல் பாதியை ஏற்றுக்கொண்டாள்.