வட்டியில்லாத காயின்

சர்புதீன் பெயரைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. என் பக்கத்து வீட்டுப் பாயிஸாவுக்கு அவன் சித்தப்பா மகன். கள்ளக்குறிச்சி கடைவீதியில் தையல் மிஷின் விற்கிறான்.

பாயிஸா நைட்டி தைப்பவள். வெள்ளிமலைச் சந்தைக்குப் போகும் நைட்டிகளில் பாதி அவள் தைத்ததுதான். கால் மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கிவிட்டது. இனி மோட்டார் மிஷின், இல்லையென்றால் தொழிலையே விட்டுவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளை ஏமாற்றுவது லேசில்லை. ஆன்லைனில் துணி வாங்கினால்கூட, பார்சல்காரர் முணுமுணுக்க முணுமுணுக்க வாசலில் நிறுத்திவைத்து, பிரித்து, இழுத்துப் பார்த்த பிறகுதான் காசு எடுப்பாள். பயப்படுவது வட்டிக்கு மட்டும்தான்; மார்க்கத்தில் அது ஹராம், விலக்கப்பட்டது. பேங்கில் தானாக விழும் வட்டியைக்கூடத் தெருக் கழிப்பறை செலவுக்குக் கொடுத்துவிடுவாள். அந்த இடம் பார்த்துத்தான் சர்புதீன் கை வைத்தான்.

"வட்டியே கெடயாதுக்கா. கிரிப்டோ காயின், ஒலகம் பூரா வாங்கிக்கும். வாங்கி போன்ல வெச்சிக்கினா போதும். அந்த ஆப்லயே மோட்டார் மிஷின் பாதி வெலைக்கு வருது, காயின் குடுத்து எடுத்துக்கலாம். ஹலாலு."

ஆள் சேர்த்துவிட்டால் கிடைக்கும் கமிஷனுக்காக மார்க்கத்தின் சொல்லையே விற்ற வாய் அது. பாயிஸா கம்மலை விற்றுக் காயின் வாங்கினாள். ஆப்பில் மிஷின் படத்தைத் தொட்ட போதெல்லாம் 'இருப்பு இல்லை' என்றே வந்தது. திருப்பி விற்கலாமென்றால் அந்தக் காயினை வாங்க ஆளில்லை.

அவன் கடைக்கே போனாள். துணைக்கு நானும் போனேன். முகப்பிலேயே அதே மோட்டார் மிஷின் நின்றது. பாயிஸா போனை நீட்டினாள்.

"இந்தா, காயின எடுத்துக்கோ. அந்த மிஷின குடு."

சர்புதீன் சிரித்தான். "இன்னாக்கா நீ? காயின வாங்கிக்கினு நான் இன்னா பண்றது? கம்பெனிக்காரன் என்கிட்ட ரொக்கம் கேப்பானே."

"ஒலகம் பூரா வாங்கிக்கும்னியேடா?"

"அது ஆன்லைன்லக்கா. இது யாவாரம்."

கூசாமல் சொன்னான். டீயும் வரவழைத்தான். அப்புறம் அக்கறையாகக் குனிந்தான். "வேணும்னா தவணைல எடுத்துக்கினு போ. நம்ம அக்கான்னு வட்டி கம்மி பண்ணித் தரேன்."

எனக்கு அந்த டீயை அவன் முகத்திலேயே ஊற்றலாம் போலிருந்தது. பாயிஸா டீயைத் தொடாமல் எழுந்தாள். கடைப்படி இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. சர்புதீன் தாங்கிப் பிடிக்க ஓடிவந்தான்.

"தொடாத," என்றாள் பாயிஸா. "ஹராம்."