கிடைக்காது என்றார்

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு டென்மார்க்காரர் ஈ கட்டுகிறவர். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, மீன் ஏமாந்து கவ்வும்படி பூச்சி செய்வார். அதில் ஒன்றை வாங்க எங்கிருந்தோவெல்லாம் ஆட்கள் வருவார்கள். எனக்கு மீன்பிடிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த மேஜையருகே நின்றால் பொழுது போவதே தெரியாது.

தொண்ணூற்றாறில் ஒருநாள், பழைய படமொன்றில் ஓர் இறகைக் காட்டினார். கறுப்பில் மஞ்சள் பொட்டு. எங்கள் ஆனைமலைக் காட்டுக்கோழியின் கழுத்து இறகு!

“இதெல்லாம் இப்போது கிடைக்காது” என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் கிடைக்காது என்றால், வாங்கி வா என்று அர்த்தம். டிசம்பரில் ஊருக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். கண்ணி வைத்துப் பிடித்து, இறகோடு கழுத்துத் தோலை உரித்துக் காயவைத்துக் கொடுத்தார். தப்பு என்று இருவருக்கும் தெரியும்.

பெட்டி கட்டும்போது மனைவி என் கையைப் பிடித்தாள்.

“கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்குதுங்க. ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டா நம்ம கதி என்ன?”

“ஒரு இறகுக்கு எவன் கேக்கப் போறான்?”

பேச்சுதான் வீரம். விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்து அப்பளக் கட்டை முகர்ந்து பார்த்தபோது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு அடியில்தான் இறகு இருந்தது. மூடிவிட்டுப் போகச் சொன்னார். வெளியே வந்ததும் மனைவி வண்டியின் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் கொண்டுபோய் நீட்டினேன். பெரியவர் தொடவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

“முப்பது வருடமாக நான் வைத்துக் கட்டுவது வண்ணம் தீட்டிய வளர்ப்புக்கோழி இறகு. காட்டுப் பறவையைக் கொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “எத்தனை பறவை?”

“ஒன்றுதான்.”

முதல் கோழியின் கழுத்து கண்ணியிலேயே பிய்ந்துபோனதால் மாமா இன்னொன்றைப் பிடித்திருந்தார். பெரியவர் முன்னால் எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் பெரியவர் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் நண்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அவரால்தான் காட்டு இறகை விட்டோம் என்றார்கள். கடைசியில் அவர் மனைவி என்னைக் காட்டினார்.

“இவர் தெரியாமல் ஒரே ஒரு பறவையின் இறகைக் கொண்டுவந்தார். ஆனால் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டார். அதை என் கணவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.”

எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானும் சிரித்தேன்.